காட்சிக்கூடத்தில் ஓர் உழவர்
(சீன நாட்டு எண்ணெய் ஓவியங்கள்: ஓர் அறிமுகம்)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்

ஓவியம் என்றதும் நம்மில் பலருக்குச் சித்தன்னவாசலும் அஜந்தாவும் நினைவுக்கு வரும். சீன ஓவியம் என்றாலோ, தாளிலும் பட்டிலும் கரிய மையினால் தீட்டிய மூங்கிற் கிளையும், பனி மூடிய மலையும், ஓடத்தில் தனியே அமர்ந்த முதியவரும் கண்முன் தோன்றுவர். சீனர்கள் எண்ணெய் வண்ணத்திலும் பெரும் ஓவியங்களைப் படைத்துள்ளனர் என்பது நம்மிடையே அவ்வளவாகப் பேசப்படாத செய்தி.

எண்ணெய் ஓவியம் சீனத்தில் வேரூன்றிய கலையன்று. அது கடல் கடந்து வந்தது. வந்த கலை முதலில் அரண்மனையில் தங்கியது. பின்னர்த் துறைமுகக் கடைத்தெருவுக்கு இறங்கியது. அதன்பின் கல்லூரிக்குள் நுழைந்தது. இறுதியில் ஓர் ஏழை உழவரின் முகத்தைத் தலைநகரத்துக் காட்சிக்கூடத்தில் ஏற்றி வைத்தது. 'பெரிய அளவில் வரையத் தகுந்த முகம் எவருடைய முகம்?' என்னும் கேள்வி இந்த நெடும் பயணம் முழுவதும் தொடர்ந்து வருகிறது. அந்தக் கேள்விக்குச் சீன ஓவியர்கள் கண்ட விடையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணெய் ஓவியம் என்பது யாது?

நிறப்பொடியை எண்ணெயில் குழைத்துக் கித்தான் துணியின்மீதோ மரப்பலகையின்மீதோ தீட்டுவது எண்ணெய் ஓவியம். எல்லா எண்ணெயும் இதற்கு உதவாது. நம் வீட்டுத் தேங்காயெண்ணெயில் நிறப்பொடியைக் குழைத்துப் பூசினால் எத்தனை மாதமானாலும் அது காயாது. தொட்டால் கையில் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆளிவிதை எண்ணெயைப் பயன்படுத்தினால் சில நாட்களில் மேற்பரப்பு காய்ந்து விடும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன?

தண்ணீரில் கரைத்த வண்ணம் காய்வது, தண்ணீர் ஆவியாகிப் போவதனால். எண்ணெய் அவ்வாறு ஆவியாவதில்லை. ஆளிவிதை எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் கொண்ட நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. இவை காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிய, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து வலை போன்ற பலபடியாக மாறுகின்றன. நீர்வண்ணம் காயும்போது எடை குறைகிறது. எண்ணெய் வண்ணமோ காற்றை உண்டு, காயத் தொடங்கும்போது எடை கூடுகிறது! தேங்காயெண்ணெயில் இருப்பவை பெரும்பாலும் நிறைவுற்ற அமிலங்கள். ஆக்சிஜன் பற்றிக்கொள்ள அவற்றில் இடமில்லை. ஆகவே அது காய்வதில்லை.

இக்கலையைச் செம்மைப்படுத்திய பெருமை 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யான் வான் ஐக் முதலிய ஐரோப்பிய ஓவியர்களைச் சாரும். எனினும் ஆப்கானிஸ்தானத்தின் பாமியான் குகைகளில் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புத்த சமய ஓவியங்கள் சில, காயும் எண்ணெய் கலந்து தீட்டப்பட்டவை என 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே இதனை முற்றிலும் ஐரோப்பியருக்கே உரிய கலை என்றும் சொல்லிவிட முடியாது.

மையும் எண்ணெயும்

சீனரின் மரபு ஓவியம் மையை நம்பியது. புகைக்கரியையும் பசையையும் சேர்த்துக் கட்டியாக்கி, அக்கட்டியைக் கல்லில் நீர்விட்டு உரைத்து மை எடுப்பர். அந்த மை தாளில் பட்டவுடன் ஊறிவிடும். இட்ட கோட்டைத் திரும்ப எடுக்க இயலாது. எனவே கையை நீட்டுவதற்கு முன்பே மனத்தில் ஓவியம் முடிந்திருக்க வேண்டும். வரையாமல் விட்ட வெற்றிடமும் அங்கே ஓவியத்தின் பகுதியே. அது மூடுபனியாகவும் நீராகவும் நிற்கும். முகத்தில் நிழல் தீட்டும் வழக்கமும் அங்கு இல்லை.

எண்ணெய் வண்ணத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அது மெல்லக் காய்வதால், ஒரு நிறத்தை மற்றொன்றோடு இழைக்கலாம். நிழலும் ஒளியும் காட்டி, உருவம் துணியிலிருந்து எழுந்து வருவது போலச் செய்யலாம். பிடிக்காவிட்டால் சுரண்டி எடுத்துவிட்டு, அதன்மேல் வேறொன்றை வரையலாம். இந்தக் கடைசி இயல்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீன ஓவியருக்கு அதனால் நேர்ந்த துன்பத்தைப் பின்னர்க் காண்போம்.

அரண்மனையும் மருத்துவமனையும்

1601-ஆம் ஆண்டு இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி, வான்லி பேரரசருக்கு அளித்த அன்பளிப்புகளில் ஐரோப்பிய சமய ஓவியங்களும் இருந்தன. 1715-இல் சீனம் வந்த மற்றோர் இத்தாலியர் கஸ்திலியோனே. இவர் மூன்று பேரரசர்களின் அரண்மனையில் ஓவியராக இருந்து, 1766-இல் பெய்ஜிங்கிலேயே மறைந்தார். சீனர் இவருக்கு இட்ட பெயர் லாங் ஷினிங். அரச முகத்தில் நிழல் விழுவது அழுக்குப் படிந்தது போலத் தோன்றியதால், அவர் தம் ஐரோப்பிய வழக்கத்தைத் தளர்த்தி, முகம் முழுவதும் ஒளி படுமாறு வரைந்தார். அந்நாளில் வரையத் தகுந்த முகங்கள் பேரரசர், அரசி, அவர்தம் குதிரைகள் என்ற வட்டத்திற்குள்ளேயே நின்றன.

19-ஆம் நூற்றாண்டில் காண்டன் துறைமுகத்தில் நிலைமை மாறியது. அங்கு வந்த வெளிநாட்டு வணிகர்களுக்காகச் சீன ஓவியர்கள் எண்ணெயில் படம் வரைந்து விற்றனர். அவர்களுள் புகழ் பெற்றவர் லாம் குவா. அமெரிக்க மருத்துவர் பீட்டர் பார்க்கர் 1835-இல் காண்டனில் மருத்துவமனை தொடங்கினார். உடலில் பெரும் கட்டிகளோடு அங்கு வந்த நோயாளிகளை லாம் குவா எண்ணெயில் வரைந்தார். அப்படங்களில் பெரும்பாலானவை இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளன. சாதாரணச் சீன மக்களின் முகங்கள் எண்ணெய் வண்ணத்தில் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் இடம்பெற்றது அங்கேதான். ஆயினும் அவர்கள் நோயின் பொருட்டு வரையப்பட்டனர். தம் பொருட்டு அல்லர் என்பது நெஞ்சை வருத்துகிறது.

கடல் கடந்த மாணவர்கள்

1911-இல் எழுந்த புரட்சிக்குப் பின் முடியாட்சி ஒழிந்தது. இளைஞர்கள் ஜப்பானுக்கும் பிரான்சுக்கும் சென்று ஓவியம் பயின்றனர். அவர்களுள் இருவரை இங்குக் குறிப்பிட விரும்புகிறேன்.

முதலாமவர் பான் யூலியாங் என்னும் பெண்மணி. இளமையில் பெற்றோரை இழந்து, உறவினராலேயே விலைமகளிர் இல்லத்துக்கு விற்கப்பட்டவர். அங்கிருந்து மீட்கப்பட்டு, ஓவியம் கற்று, பிரான்சிலும் இத்தாலியிலும் பயின்று, சீனக் கல்லூரிகளில் ஆசிரியராகவும் உயர்ந்தார். பழம்பிறப்பைச் சொல்லிக் காட்டுவோரின் ஏச்சு அவரை விடவில்லை. மீண்டும் பாரிசுக்குச் சென்ற அவர், 1977-இல் அங்கேயே காலமானார். அவருடைய ஓவியங்கள் பின்னர்த் தாய்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, அன்ஹுய் மாநில அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன.

இரண்டாமவர் சூ பெய்ஹோங் (1895-1953). சிற்றூரில் படம் வரைந்து வயிறு வளர்த்த ஓர் ஏழை ஓவியரின் மகன். 1919-இல் பிரான்சு சென்று, பாரிஸ் நுண்கலைப் பள்ளியில் முறையாகப் பயின்று திரும்பினார். ஓவியர் கண்ணால் கண்டதை உண்மையாக வரைய வேண்டும் என்பது அவர் கொள்கை. 1929-இல் ஷாங்காயில் நடந்த முதல் தேசியக் கலைக் கண்காட்சியின்போது இக்கொள்கை பற்றி அவருக்கும் கவிஞர் சூ ஷிமோவுக்கும் பெரும் சொற்போர் மூண்டது.

இவருக்கு நம் நாட்டோடும் தொடர்பு உண்டு. ஜப்பான் சீனத்தின்மீது போர் தொடுத்திருந்த காலத்தில், தாகூரின் அழைப்பை ஏற்று 1939-இல் சாந்திநிகேதன் வந்தார். அங்கும் கல்கத்தாவிலும் கண்காட்சிகள் நடத்தினார். தாகூரையும் காந்தியடிகளையும் வரைந்தார். சிங்கப்பூர் முதலிய ஊர்களில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்துக் கிடைத்த பணத்தைப் போரால் வாடிய தம் மக்களுக்கு அனுப்பினார்.

'மலையைப் பெயர்த்த மூடக் கிழவர்' என்னும் அவருடைய புகழ்பெற்ற ஓவியம் 1940-இல் நம் நாட்டில் வரையப்பட்டது. வீட்டை மறைத்து நின்ற மலைகளைத் தோண்டி அகற்றத் துணிந்த முதியவரைப் பற்றிய பழங்கதை அது. 'உன் காலத்தில் இது முடியுமா?' என்று கேட்டவர்களிடம், 'என் பிள்ளைகள் தொடர்வார்கள், அவர்தம் பிள்ளைகள் தொடர்வார்கள். மலை வளரப் போவதில்லையே!' என்றாராம் முதியவர். மண் தோண்டும் அந்த மனிதர்களின் உருவுக்கு மாதிரியாக நின்றவர்கள் இந்தியர்கள்! இக்காட்சியை அவர் மையிலும் எண்ணெயிலும் வரைந்தார். உழைக்கும் உடல் பெரிய ஓவியத்திற்குரிய பொருளாகிவிட்டது. எனினும் அது பழங்கதையின் உடலே. பக்கத்து வயலில் நிற்கும் மனிதரின் உடல் அன்று.

அழித்து வரையப்பட்ட ஓவியம்

1949-இல் மக்கள் சீனக் குடியரசு அமைந்தது. 1955 முதல் 1957 வரை சோவியத் ஓவியர் மக்சிமோவ் பெய்ஜிங்கில் தங்கி, எண்ணெய் ஓவிய வகுப்பு நடத்தினார். கட்சித் தலைவர்களையும் வெற்றி விழாக்களையும் பெரிய கித்தானில் வரைவது வழக்கமாயிற்று.

அவற்றுள் புகழ் பெற்றது தோங் ஷிவென் 1953-இல் வரைந்த 'நாட்டின் தொடக்க விழா'. தியனன்மென் மாடத்தில் நின்று மாவோ புதிய அரசை அறிவிக்கும் காட்சி அது. நான்கு மீட்டர் அகலம். அவருக்குப் பின்னே மற்றத் தலைவர்கள் வரிசையாக நிற்கின்றனர். அந்த ஓவியம் அஞ்சல்தலையைப் போல வீடுதோறும் பரவியது.

அதன் பின் நடந்தவை வியப்புக்குரியவை. படத்தில் இருந்த காவோ காங் பதவியிழந்தார். அவரை அழிக்குமாறு ஓவியருக்குக் கட்டளை பிறந்தது. ஓவியர் அவ்வாறே செய்தார். பின்னர்ப் பண்பாட்டுப் புரட்சியில் லியூ ஷாவோசி வீழ்ந்தார். அவரும் படத்திலிருந்து போக வேண்டியதாயிற்று. 1972-இல் லின் போசூ என்பவரையும் நீக்கச் சொன்னார்கள். அப்போது ஓவியர் புற்றுநோயால் படுத்திருந்தார். வேறு இரு ஓவியர்கள் மூல ஓவியத்தைத் தொட அஞ்சி, அதைப் பார்த்து ஒரு படி எடுத்து, அந்தப் படியில் அவரை விட்டுவிட்டனர். 1973-இல் தோங் ஷிவென் இறந்தார். அரசியல் மீண்டும் மாறியபின், 1979-இல் அந்தப் படியில் நீக்கப்பட்டவர்கள் திரும்ப வரையப்பட்டனர். அதைக் காண ஓவியர் இல்லை.

மையினால் வரைந்த ஓவியமாக இருந்தால் இவ்வாறு செய்திருக்க முடியாது; அதைக் கிழித்துத்தான் எறிந்திருக்க வேண்டும். திருத்த இடம் தருவது எண்ணெய் வண்ணத்தின் சிறப்பு. அந்தச் சிறப்பே அந்த ஓவியருக்குத் தண்டனையாகவும் முடிந்தது.

'தந்தை'

இனி நம் கட்டுரையின் தலைவரைக் காண்போம்.

லுவோ சோங்லி 1948-இல் சோங்சிங் நகரப் பகுதியில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தாபா மலைப்பகுதிக்குச் சென்று, ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழவர்களோடு வாழ்ந்தார். பண்பாட்டுப் புரட்சி ஓய்ந்து கல்லூரித் தேர்வுகள் மீண்டும் தொடங்கிய பின், சிச்சுவான் நுண்கலைக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார்.

1975-ஆம் ஆண்டு, சீனப் புத்தாண்டுக்கு முந்திய இரவு. ஊரெல்லாம் குடும்பத்தோடு விருந்துண்ணும் நேரம். அவர் வீட்டருகே இருந்த பொதுக் கழிப்பிடத்தின் வாயிலில் நடுவயது உழவர் ஒருவர் காலைமுதல் குளிரில் சுருண்டு நின்றுகொண்டிருந்தார். அங்குள்ள எரு வயலுக்கு வேண்டியது; பிறர் அள்ளிச் சென்றுவிடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி லுவோவின் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை.

1980-இல் அவர் வரைந்த ஓவியம் 'தந்தை'. உயரம் இரண்டு மீட்டருக்கும் மேல். அகலம் ஒன்றரை மீட்டர். அவ்வளவிலும் ஒரே ஒரு முகம். தலையில் வெள்ளைத் துணி சுற்றிய முதிய உழவர். வெயிலில் கறுத்த தோல். ஏர் உழுத நிலம் போன்ற சுருக்கங்கள். வியர்வைத் துளிகள். வெடித்த உதடுகளுக்கிடையே தெரியும் ஒற்றைப் பல். நகத்தில் மண் ஏறிய இரு கைகளிலும் ஏந்திய பழைய கிண்ணம். பின்னே கதிர் காயும் களத்தின் மஞ்சள் ஒளி. தோலின் ஒவ்வொரு துளையும் தெரியும்படி, வண்ணத்தை அப்பி அப்பி வரைந்திருக்கிறார். இது மையினால் ஆகக்கூடிய செயலன்று. அந்தத் தோலுக்கு எண்ணெய் வண்ணத்தின் தடிப்பே வேண்டியிருந்தது.

அந்நாள்வரை சீனத்தில் இத்துணைப் பெரிய அளவில் ஒரு முகத்தை மட்டும் வரைவதென்றால் அது மாவோவின் முகமாகவே இருக்கும். அந்த அளவில் பெயரில்லாத ஓர் உழவர் வந்து நின்றது கண்டோரைத் திகைக்க வைத்தது. இரண்டாவது தேசிய இளைஞர் கலைக் கண்காட்சியில் அந்த ஓவியம் முதற்பரிசு பெற்றது. 1981-இல் 'மெய்ஷூ' என்னும் கலை இதழின் அட்டையில் வெளியாயிற்று. 'என் தந்தை' என்றிருந்த தலைப்பில் 'என்' என்பதை எடுத்துவிடுமாறு மூத்த ஓவியர் வூ குவான்சோங் கருத்துரைத்தாராம். ஒரே சொல் போனவுடன், ஒருவருடைய தந்தை எல்லாருடைய தந்தையும் ஆகிவிட்டார்!

காதில் செருகிய பேனா

ஓவியத்தை உற்று நோக்கினால், உழவரின் காதில் ஒரு பந்துமுனைப் பேனா செருகியிருப்பது தெரியும். அது ஓவியர் முதலில் வரைந்ததன்று. இவர் பழைய காலத்து உழவரல்லர், எழுத்தறிவு பெற்ற புதிய சமுதாயத்தின் உழவர் என்று காட்ட வேண்டும் எனப் பிறர் கூறியதால் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. அப்படியும், 'இவர் முகத்தில் புதிய காலத்தின் நம்பிக்கை எங்கே?' என்று குறை கூறியவர்கள் இருந்தனர்.

இந்த ஓவியத்தை நான் அச்சுப்படமாகவே கண்டேன். எனினும் அந்தப் பேனா என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. என் தந்தையார் தம் பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவர். என்னைக் கல்லூரியில் சேர்த்த அன்று, விண்ணப்பத்தில் கையொப்பமிட என் பேனாவைத்தான் வாங்கினார். இட்டு முடித்ததும், உடனே திருப்பித் தந்துவிட்டார். எங்கள் ஊர் வீடுகளில் தெய்வங்களின் படங்களும் தலைவர்களின் படங்களும் மாட்டப்பட்டிருக்கும். உழைத்த மனிதருக்குச் சுவரில் இடம் கிடைப்பது பெரும்பாலும் அவர் இறந்து, படத்துக்கு மாலை விழும் நாளில்தான்.

பேனா இருந்தால்தான் உழவர் மதிப்புக்குரியவர் ஆவாரா? படித்த பிள்ளைகளாகிய நாமும் நம்மை அறியாமல் இந்தக் கணக்கைத்தான் போடுகிறோம். 'அப்பா படிக்கவில்லை' என்று சொல்லும்போது நம் குரல் தாழ்கிறது. லுவோவின் ஓவியத்தில் பேனாவை விரலால் மறைத்துப் பாருங்கள். முகத்தின் பெருமை ஓர் அணுவளவும் குறையவில்லை. அந்தச் சுருக்கங்களே அவர் எழுதிய எழுத்து.

ஓவியர்களின் சிற்றூர்

உழவர் ஓவியத்துக்குள் வந்தார். பின்னர் உழவரின் பிள்ளைகளே தூரிகை ஏந்தினர். ஷென்சென் நகரை ஒட்டிய தாஃபென் என்னும் ஊருக்கு 1989-இல் ஹாங்காங் வணிகர் ஹுவாங் ஜியாங் சில ஓவியர்களோடு வந்து, படி ஓவியத் தொழிலைத் தொடங்கினார். நாட்டுப்புறத்திலிருந்து வேலை தேடி வந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அங்கு எண்ணெய் ஓவியம் கற்று, வான்கோ முதலியோரின் படங்களைப் படியெடுத்து உலகெங்கும் அனுப்பினர். ஒரே ஓவியத்தை நூற்றுக்கணக்கான முறை வரைந்தவர்கள் உண்டு. ஆனால் அவற்றின் அடியில் தம் பெயரை எழுதும் உரிமை அவர்களுக்கு இல்லை.

அவர்களுள் ஒருவரான சாவோ சியாவோயோங், இருபது ஆண்டுகள் வான்கோவைப் படியெடுத்தபின், ஆம்ஸ்டர்டாம் சென்று மூல ஓவியங்களை நேரில் கண்டதை 2016-இல் வந்த ஆவணப்படம் ஒன்று காட்டுகிறது. ஊர் திரும்பிய அவர் தம் பாட்டியையும், தம் ஊர்த் தெருவையும், தம் பட்டறையையும் வரையத் தொடங்கினார். தாஃபெனிலேயே 2007-இல் ஒரு கலைக்கூடமும் திறக்கப்பட்டது. படி எடுத்தவர்கள் தம் சொந்த ஓவியங்களை மாட்ட, ஊர் நடுவே ஒரு சுவர் வந்தது.

காணும் முறை

இத்தகைய கண்காட்சி எந்த ஊரில் நடந்தாலும், செல்வோர் மூன்று செய்திகளை மனத்தில் கொண்டால் நன்று. முதலில் தொலைவில் நின்று முழு ஓவியத்தையும் காண வேண்டும். அடுத்து, அருகில் சென்று வண்ணம் தடித்தும் மெலிந்தும் கிடக்கும் முறையைப் பார்க்க வேண்டும். ஓவியரின் கை எங்கே தயங்கியது, எங்கே விரைந்தது என்பதை அது சொல்லும். மூன்றாவதாக, 'இந்த முகத்தை இவ்வளவு பெரிதாக வரைய வேண்டும் என்று எண்ணியவர் யார்? ஏன் எண்ணினார்?' என்று கேட்க வேண்டும்.

பேரரசர், நோயாளி, பழங்கதைக் கிழவர், கட்சித் தலைவர் என்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்து, சீனத்தின் எண்ணெய் ஓவியம் ஓர் உழவரிடம் வந்து சேர்ந்தது. அவரை அங்குக் கொண்டு சேர்த்தவர் அரசரல்லர். அறிஞர் பெருமகனும் அல்லர். நம்மைப் போன்ற ஒரு கல்லூரி மாணவர்! நம் கையில் தூரிகை இல்லாமற் போகலாம். பேனாவும் புகைப்படக் கருவியும் உள்ளன. நமக்காக வெயிலில் நிற்பவர்களின் முகத்தை அவர்கள் வாழும் நாளிலேயே பதிந்து வைப்போம். அதற்கு நம் வீட்டுச் சுவரில் நல்லதோர் இடமும் கொடுப்போம்.